ஓரண்டாவுக்கும் கமெட்டுக்கும் வெள்ளைப் புள்ளி: கல்லுப்பு எவ்வளவு, மருந்து எப்போது?

கண்ணாடித்தொட்டி:
2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. இரண்டு ஓரண்டா, ஒரு பிளாக் மூர், பத்து நாள் முன்னாடி விட்ட ஒரு கமெட் (நாலும் தங்கமீன் வகைதான்), அடியில ஒரு டேங்க் கிளீனர் (வாயால ஒட்டிக்கிட்டு உறிஞ்சற மீன்). ஓரமா கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி. பெரிய ஓரண்டாவுக்கு இரண்டு செவுள் மூடியிலும் வெள்ளைப் புள்ளி இருக்கு, பக்கத்துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையா இருக்கு. கமெட்டுக்கு வாலிலும் முதுகுத் துடுப்பிலும் ஏழெட்டு புள்ளி, கல்லுல உடம்பைத் தேய்க்குது. வெப்பநிலை 26 டிகிரி. கடையில நீல மருந்து கொடுத்து பத்து சொட்டு விடச் சொன்னாங்க. கல்லுப்பும் போடணுமாம். எவ்வளவுன்னு சொல்லுங்க.

நீர்க்குமிழி:
மருந்து பாட்டிலை இன்றைக்குத் திறக்க வேண்டாம். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அமோனியா, நைட்ரைட், பிஎச் எவ்வளவு? ஃபில்டர் ஸ்பாஞ்சை கடைசியாக எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்று இழுக்கின்றனவா?

இன்னொன்று, அந்த ஓரண்டாவின் புள்ளிகளை டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். கசகசா ஒட்டிவைத்ததுபோல ஒரே அளவில், செவுள் மூடியிலும் பக்கத்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் இருந்தால் அது நோயே இல்லை. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் தங்கமீனுக்கு வருகிற கொப்புளம். தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும், மாதக்கணக்கில்கூட இருக்கும், அதுவே போய்விடும். இதற்கு மருந்து ஊற்றி மீனைக் கொன்றவர்கள் ஏராளம்.

கமெட்டின் புள்ளிகள் வேறு. ரவை தூவியதுபோல, அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை, வரிசையில்லாமல், வாலின் மெல்லிய தோலில். கூடவே உடம்பைத் தேய்க்கிறது என்கிறீர்கள். அது வெள்ளைப்புள்ளி நோய்தான். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, சுருக்கமாக இக்.

செவுள்:
ரவை மாதிரி இருந்தா இக். மஞ்சள்தூள் தூவின மாதிரி, டார்ச் வெளிச்சத்துல மட்டும் மினுமினுன்னு தெரிஞ்சா வெல்வெட், அது வேற. வாயோரத்துல பஞ்சு மாதிரி, முதுகுல சேணம் போட்ட மாதிரி வெளுப்பு இருந்தா காலம்நாரிஸ், அது பாக்டீரியா. இதைப் பிரிச்சுப் பாக்காம ஹீட்டர் போடாதீங்க. இக்குக்குச் சூடு நல்லது, காலம்நாரிஸுக்குச் சூடு கொடுத்தா ஒரே ராத்திரில மீன் போயிடும்.

கண்ணாடித்தொட்டி:
ஓரண்டாவுக்கு நீங்க சொன்ன மாதிரிதான் சார், கசகசா போல, துடுப்பு முள்ளுல மட்டும். பஞ்சு எதுவும் இல்லை. டெஸ்ட் கிட்ல அமோனியா 1.0, நைட்ரைட் 0.5, பிஎச் 7.8. ஸ்பாஞ்சை போன வாரம் குழாய்த் தண்ணில நல்லா பிழிஞ்சு கழுவினோம். தண்ணி மெட்ரோ வாட்டர்தான். கமெட் மட்டும் கொஞ்சம் வேகமா மூச்சு வாங்குது, மேல வரல.

நீர்க்குமிழி:
இக்கைக் கொண்டுவந்தது புதுக் கமெட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைத் தாங்க முடியாத நிலைக்கு மற்ற மீன்களைத் தள்ளியது அந்த ஸ்பாஞ்ச். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது, குளோரின் அதைக் கொன்றுவிட்டது. ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். பழுப்பு நிறம் முழுதும் போக வேண்டியதில்லை.

இப்போது தண்ணீரின் அளவு. 60 × 30 × 30 செ.மீ. என்றால் 54 லிட்டர் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். தண்ணீர் விளிம்பு வரை இருக்காது, அடியில் கல் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் உயரத்தை ஸ்கேல் வைத்து, கல்லின் மேற்பரப்பிலிருந்து அளந்து சொல்லுங்கள்.

கண்ணாடித்தொட்டி:
கல்லுக்கு மேல 25 செ.மீ.

நீர்க்குமிழி:
60 × 30 × 25, ஆயிரத்தால் வகுத்தால் 45 லிட்டர். இந்த 45 என்ற எண்ணைத் தொட்டி மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி எல்லா மருந்தும் உப்பும் இதை வைத்துத்தான். 54 என்று நினைத்து மருந்து ஊற்றியிருந்தால் 20 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும். மாலகைட் கிரீன் என்ற இக் மருந்துக்கு அந்த 20 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

இன்று மாலை: பாதித் தண்ணீர், அதாவது 22 லிட்டர் மாற்றுங்கள். எடுக்கும்போது சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்திக் குத்தி அடி அழுக்கை இழுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். புதுத் தண்ணீரின் குளோரினை முறிக்க சோடியம் தயோசல்ஃபேட். 100 கிராம் படிகத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்தால், 50 லிட்டருக்கு 5 மி.லி. போதும்; உங்கள் 22 லிட்டருக்கு 2.2 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து பக்கெட்டில் விட்டு, கலக்கி, பிறகு தொட்டியில் ஊற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பநிலை தொட்டியோடு ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. நாளை இன்னொரு 30 சதவீதம். தீனி இரண்டு நாளைக்கு வேண்டாம். தங்கமீனுக்கு ஒன்றும் ஆகாது, அமோனியா ஏறாமல் இருக்கும்.

வாலாட்டி:
மன்னிக்கணும், இதுல எனக்கு உடன்பாடு இல்லை. இக் வந்த தொட்டியில தண்ணி மாத்திக்கிட்டு உக்காந்திருந்தா இரண்டு நாள் போயிடும். கமெட் ஏற்கெனவே வேகமா மூச்சு விடுது, அப்போ செவுள்ல ஒட்டுண்ணி இருக்கு. முதல் நாளே மாலகைட் கிரீன் விட்டுடணும். கூடவே 32 டிகிரிக்கு சூடு ஏத்தினா மூணு நாள்ல முடிஞ்சுது.

நீர்க்குமிழி:
பாதி சரி. மேலே வந்து வாய் பிளந்தால், அல்லது செவுள் ஒரு பக்கம் மூடியே இருந்தால், இன்றே மருந்து. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 32 டிகிரி தங்கமீனுக்கு வேண்டாம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5தான். செவுள் புண்ணாகி இருக்கிற மீனுக்கு அந்த வித்தியாசம் போதும் மூச்சு முட்ட. அமோனியாவையும் கணக்கில் எடுங்கள்: பிஎச் 7.8இல் 26 டிகிரியில் மொத்த அமோனியாவில் சுமார் 4 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், 30 டிகிரியில் அது 5 சதவீதத்தை நெருங்கும். அமோனியா 1.0 காட்டுகிற தொட்டியில் முதலில் சூட்டை ஏற்றுவது எரிகிற வீட்டில் அடுப்பு பற்றவைப்பதுதான்.

என் கணக்கு 28 டிகிரி. 50 லிட்டர் தொட்டிக்கு 100 வாட்ஸ் ஹீட்டர் போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் ப்ளக்கைக் கழற்றிவிட்டு பத்து நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் கண்ணாடி வெடிக்கும். சித்திரை, வைகாசியில் சென்னையில் தொட்டி தானாகவே 30, 31 போய்விடும். அப்போது ஹீட்டர் பேச்சே வேண்டாம், ஏர் ஸ்டோனை (காற்றுக்குமிழி விடும் கல்) இரண்டாக்கினால் போதும்.

வாலாட்டி:
அமோனியா இருக்கறப்ப சூடு கூடாதுங்கறது சரிதான், அதை யோசிக்கல. 28ன்னே வெச்சுக்கலாம். ஆனா மருந்தே இல்லாம உப்பு மட்டும் போதும்னு சொன்னீங்கன்னா அதை நம்ப மாட்டேன்.

செவுள்:
நம்பறதுக்கு முன்னாடி அந்த ஒட்டுண்ணி என்ன பண்ணுதுன்னு பாருங்க. நம்ம கண்ணுக்குத் தெரியற வெள்ளைப் புள்ளி தோலுக்கு மேல இல்லை, தோலுக்கு அடியில. மேல மீனோட சொந்தத் தோல் மூடியிருக்கு. உப்போ மாலகைட்டோ எதுவும் அதை நேரா கொல்றது கஷ்டம். அது உள்ள மீனைத் தின்னு பெருசாகி, பழுத்து, உடைச்சுக்கிட்டு வெளிய விழும். அடியில கல்லுல ஒட்டி ஒரு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்கும் மருந்து போகாது. உள்ள பிரிஞ்சு பிரிஞ்சு நூத்துக்கணக்குல குஞ்சு, சில சமயம் ஆயிரம் வரை. அதெல்லாம் வெளிய நீந்தி வந்து ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிச்சாகணும், இல்லைன்னா செத்துடும். அந்த நீந்தற நேரத்துல மட்டும்தான் நம்ம உப்பும் மருந்தும் வேலை செய்யும்.

அதனாலதான் சூடு. சூடு ஒட்டுண்ணியைக் கொல்லல, சுத்தை வேகப்படுத்துது. 25, 26 டிகிரில முழுச் சுத்துக்கு அஞ்சு முதல் ஏழு நாள், 30 பக்கம் மூணு நாலு நாள். குளிர்ந்த தண்ணில வாரக்கணக்குல இழுக்கும். அடி அழுக்கை உறிஞ்சச் சொன்னதும் இதுக்குத்தான், கூடுங்க அங்கதான் கிடக்கு.

ஒண்ணு கேட்டுக்கோங்க: சிகிச்சை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு நாள் புள்ளி கூடும். தோலுக்கடியில கண்ணுக்குத் தெரியாம இருந்ததெல்லாம் அப்பதான் வளந்து தெரியும். அதைப் பாத்து "மருந்து வேலை செய்யல"ன்னு வேற மருந்தை மேல ஊத்தறதுதான் பெரும்பாலான தொட்டிகளை முடிக்குது.

கண்ணாடித்தொட்டி:
புரியுது. அப்போ உப்புக் கணக்கு?

நீர்க்குமிழி:
லிட்டருக்கு 3 கிராம் வரை. 45 லிட்டருக்கு மொத்தம் 135 கிராம், மூன்று பங்காக. தண்ணீர் மாற்றி முடித்ததும் 45 கிராம், 12 மணி நேரம் கழித்து 45, இன்னும் 12 மணி நேரம் கழித்து 45. கிச்சன் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஸ்பூன் கணக்கு கல்லுப்பில் சரிவராது, ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு பருமன். ஒரு மக்கில் தொட்டித் தண்ணீர் எடுத்து முழுதும் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கரையாத கல் மீன் மேலோ செடி மேலோ விழுந்தால் பொசுக்கிவிடும். அயோடின் உப்பு கூடாது என்பார்கள். அதிலிருக்கிற அயோடின் மீனைத் தொந்தரவு செய்யும் அளவு இல்லை. வீட்டில் தூள் உப்புதான் இருக்கிறதென்றால் அதையே நிறுத்துப் போடலாம்.

உங்கள் தொட்டியில் உப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நைட்ரைட் 0.5 என்றீர்கள். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி அதைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் சுமக்கவிடாமல் செய்யும். உப்பிலுள்ள குளோரைடு அதே வாசலில் போட்டிக்கு நிற்பதால் நைட்ரைட் உள்ளே போவது குறையும்.

மறக்கக் கூடாதது: உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மாற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்கு உப்பு. 10 லிட்டர் மாற்றினால் 30 கிராம். இதைக் குழப்பிக்கொண்டு தினமும் ஒரு கைப்பிடி போடுபவர்கள் ஒரு வாரத்தில் தொட்டியைக் கழிமுகமாக்கிவிடுவார்கள்.

செவுள்:
டேங்க் கிளீனரை மறந்துட்டீங்க. அதுக்கு 3 கிராம் ஒத்துக்காது. வாலிஸ்னேரியாவும் கருகிடும். கிளீனரை 20 லிட்டர் டப்புல தனியா, ஏர் ஸ்டோனோட, லிட்டருக்கு 1 கிராம் உப்பு, மருந்து பாதி அளவு. அதுக்குப் புள்ளி தெரியலைன்னாலும் அதே தொட்டில இருந்ததுதான், சும்மா விடக்கூடாது. தங்கமீனோட அதைத் திரும்பப் போடவே வேண்டாம்னுதான் சொல்வேன். ராத்திரி ஓரண்டா பக்கவாட்டுல ஒட்டி வழவழப்பை உறிஞ்சிடும், அந்தப் புண்ணுல எல்லா நோயும் ஏறும். வேண்டாம்னா யாருக்காவது கொடுங்க. ஏரி, குளத்துல விடாதீங்க, அங்க அது பெருகி நாட்டு மீனைக் காலி பண்ணுது.

செடியைப் பிடுங்கி மீனில்லாத பக்கெட்ல பத்து நாள் வைங்க. மீன் இல்லைன்னா ஒட்டுண்ணி பட்டினில சாகும்.

மழைநாள்:
அந்த நீல பாட்டில் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. முட்டையில் பூஞ்சை வராமலிருக்க, தனி டப்பில் நைட்ரைட் நச்சுக்கு, இதற்கெல்லாம் நல்ல பொருள். மெயின் தொட்டியில் இக்குக்கு அது மிக மெதுவான மருந்து. செடிக்கு ஆகாது, ஃபில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கும், சிலிக்கான் ஒட்டு நிரந்தரமாக நீலமாகும். ஏற்கெனவே பாக்டீரியா செத்த தொட்டியில் அதை ஊற்றுவதில் பொருளே இல்லை. "பத்து சொட்டு" என்பது ஓர் அளவே அல்ல. எத்தனை சதவீதக் கரைசல், எத்தனை லிட்டருக்கு என்று லேபிளில் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

மாலகைட் கிரீன் தேவைப்பட்டால்: துத்தநாகம் கலக்காத தரம். 1 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. அளவு லிட்டருக்கு 0.1 மி.கி., ஆக 45 லிட்டருக்கு 4.5 மி.லி. செதில் இல்லாத மீன், லோச், சின்னக் குஞ்சுகளுக்குப் பாதி. இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் முதலில் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, பிறகு மருந்து. ஃபில்டரில் கரித்துகள் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அது குடித்துவிடும். லைட்டை அணையுங்கள், வெளிச்சத்தில் இந்த மருந்து சிதையும்.

கையுறை கட்டாயம். பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது, கர்ப்பிணிகள் பக்கத்தில் வேண்டாம். புற்றுநோய் அச்சத்தால் உணவு மீனுக்கு இதைத் தடை செய்திருக்கிறார்கள். பொடியாக வாங்கிக் கரைக்க யோசனையாக இருந்தால், இதே மருந்து அளவு குறிக்கப்பட்ட திரவமாகக் கிடைக்கும், சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேளுங்கள். அதில் ஃபார்மலினும் சேர்ந்திருந்தால் ஏர் பம்ப் இரண்டு மடங்கு ஓட வேண்டும், ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனை இழுக்கும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கெட்டுப்போனது, தொடவே கூடாது. ஃபார்மலினோடு பொட்டாசியம் பர்மாங்கனேட் ஒருபோதும் சேரக் கூடாது.

வாலாட்டி:
டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைச்சுப் போடறவங்களும் இருக்காங்க. அதையும் சொல்லிடுங்க.

மழைநாள்:
இக் பாக்டீரியா இல்லை, ஆன்டிபயாடிக் அதன் பக்கமே போகாது. போதாக்குறைக்கு போர்வெல் தண்ணீரென்றால் அதன் கால்சியத்தோடு டெட்ராசைக்ளின் பிணைந்து பாதி வீணாகும், மீதி ஃபில்டரைத் தாக்கும். தண்ணீர் பழுப்பாகி நுரை தள்ளுவதுதான் மிச்சம்.

கண்ணாடித்தொட்டி:
மூணாம் நாள். உப்பு 135 கிராம் போயிடுச்சு, 28 டிகிரி. அமோனியா 0.25, நைட்ரைட் 0.25. கமெட்டுக்குப் புள்ளி இருபதுக்கு மேல ஆயிடுச்சு, பிளாக் மூருக்கும் வால்ல நாலு. கமெட் இப்போ ஏர் ஸ்டோன் பக்கத்துலயே நிக்குது.

நீர்க்குமிழி:
புள்ளி கூடியது எதிர்பார்த்ததுதான், மூருக்கு வந்ததும் அப்படியே. ஆனால் ஏர் ஸ்டோனை விட்டு நகராதது செவுள் பாதிப்பு. கமெட்டின் செவுள் 15 விநாடியில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எழுதுங்கள், பக்கத்தில் ஓரண்டாவுக்கும் எண்ணுங்கள். நாளுக்கு நாள் ஒப்பிடத்தான் அந்த எண்.

இப்போது வாலாட்டி சொன்ன மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. அமோனியா இறங்கிவிட்டதால் தைரியமாகத் தொடங்கலாம். இன்று 12 லிட்டர் மாற்றி, 36 கிராம் உப்பு ஈடு செய்து, மாலகைட் கிரீன் 4.5 மி.லி. வாங்கியது திரவ மருந்தாக இருந்தால், உப்போடு சேர்க்கலாமா என்று லேபிளில் பாருங்கள். விட்ட முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். மீன் துள்ளினாலோ சாய்ந்தாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

வாலாட்டி:
கரண்ட் போனா என்ன பண்றதுன்னு இப்பவே ஏற்பாடு பண்ணுங்க. பேட்டரில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு இருக்கணும். மருந்து ஊத்தின ராத்திரி நாலு மணி நேரம் காத்து நின்னா நோயைவிட அதுதான் கொல்லும்.

கண்ணாடித்தொட்டி:
ஏழாம் நாள். மூணு தடவை மருந்து ஆச்சு. யாருக்கும் ஒரு புள்ளி கூட இல்லை, ஓரண்டாவோட கசகசா மட்டும் அப்படியே இருக்கு. கமெட் 15 விநாடிக்கு 31ல இருந்து 22க்கு வந்திருக்கு, ஓரண்டாவுக்கு 20. நிறுத்திடலாமா?

செவுள்:
வேண்டாம்! புள்ளி இல்லைன்னா மீன் மேல இல்லைன்னுதான் அர்த்தம், தொட்டில இல்லைன்னு இல்லை. கடைசிப் புள்ளி விழுந்தது கூடு கட்டி அடியில இருக்கும். இங்க நிறுத்தினா பத்து நாள் கழிச்சு மறுபடி இதே இழைக்கு வருவீங்க.

நீர்க்குமிழி:
கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து உப்பும் 28 டிகிரியும் இன்னும் ஏழு நாள். மருந்து இன்னும் ஒரே முறை, பிறகு கரித்துகளைத் திரும்பப் போட்டு மருந்தை உறிஞ்சவிடலாம். தீனி ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ஸ்பாஞ்ச் பாக்டீரியா இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது, அமோனியாவை ஒன்றுவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

பதினாலாம் நாளுக்குப் பின் உப்பை ஒரேயடியாக இறக்க வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு முறை 12 லிட்டர் மாற்றி, உப்பு ஈடு செய்யாமல் விடுங்கள். 135 கிராம் முதலில் 99 ஆகும், பிறகு 73, பிறகு 53, அதற்கடுத்து 39. லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே வந்ததும் செடியைத் திரும்ப வைக்கலாம். எடுக்கிற உப்புத் தண்ணீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றாதீர்கள், செடி செத்துவிடும். மருந்து கலந்தது என்றால் பக்கெட்டில் வெயிலில் நிறம் போகும் வரை வைத்துவிட்டு சாக்கடையில் விடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ வேண்டாம்.

கண்ணாடித்தொட்டி:
நன்றி சார். அடுத்த மாசம் இன்னொரு ஓரண்டா வாங்கலாம்னு வீட்ல சொல்றாங்க. அதை எப்படி விடறது?

மழைநாள்:
45 லிட்டரில் கமெட்டோடு சேர்த்து நான்கு தங்கமீன் ஏற்கெனவே அதிகம். கமெட் ஒன்றுக்கே வளர்ந்தபின் இந்தத் தொட்டி போதாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் பெரிய தொட்டிக்குப் பிறகு.

செவுள்:
வாங்கினா மூணு வாரம் தனி டப்பு. மெயின் தொட்டில பழகின ஸ்பாஞ்ச் ஒண்ணை டப்புல போட்டு ஓட்டுங்க. கடைத் தண்ணியைத் தொட்டில ஊத்தாதீங்க, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைல தண்ணி திடீர்னு நாலஞ்சு டிகிரி இறங்கும், அப்ப வாங்கற மீன்ல இக் அதிகம் தலைகாட்டும், அந்த நேரம் மூணு வாரத்தை நாலாக்கிக்கோங்க. டப்புக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு வலை. ரெண்டையும் பயன்படுத்தினதும் மொட்டைமாடில முழு வெயில்ல காயப் போடுங்க. கூடு காஞ்சா செத்துடும், ஈர வலையிலதான் அது வீடு மாறும்.